இரட்டைப் பங்கு பனங்கட்டி

எங்கள் வீட்டில் சலரோகம், அதாவது நீரிழிவு, அக்காவின் உடம்பில் இருந்தது. அதற்கான கசாயத்தை ஒன்றரை வருடம் குடித்தவள் நான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன், அது என் பழக்கம். பிறகுதான் அக்கா இப்போது எங்கே என்று கேட்பார்கள்.

நாங்கள் உடுவிலில் இருந்தோம். அம்மா, அக்கா, நான் என்று மூன்று பெண்கள். எண்பத்திமூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் அப்பா செத்துப் போனார். அதே வருடம் அக்காவுக்குப் புத்தூர்ப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை கிடைத்தது. சைக்கிளில் போவாள், சைக்கிளில் வருவாள். அவளை விட ஐந்து வயது இளையவளான நான் படிப்பை விட்டுவிட்டு ஒரு தையல் மெசினை வாங்கி முன்னறையில் போட்டுக்கொண்டேன். ஊர்ப் பெண்களின் சட்டைகள் எல்லாம் என் கையால்தான் தைபட்டன. யாருடைய இடுப்பு எத்தனை அங்குலம் என்று அவரவர் புருசன்மாரை விட எனக்கு நன்றாகத் தெரியும் என்று பகிடி பண்ணுவார்கள்.

எங்கள் ஊரில் ஆளின் குணத்தை உடம்பில் பார்த்தே சொல்லிவிடுவார்கள். மெலிந்தவர் யோசனைக்காரர், பொறுப்பானவர். கொழுத்தவருக்குக் கவலை கிடையாது. அக்கா ஈர்க்குப் போல இருந்தாள், ஆகவே குடும்பப் பாரத்தைச் சுமக்கிறாள். நான் பெருத்திருந்தேன், ஆகவே எனக்கு ஒன்றிலும் அக்கறையில்லை. பக்கத்து வீட்டில் கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு வந்தால், "கொழுத்த நண்டு வளையிலை இராது" என்பாள் அம்மா. அக்கா பள்ளிக்கூடம் முடிந்து மாலை மங்க வந்தால், "பாவம் பிள்ளை, யோசிச்சு யோசிச்சு உடம்பு விழுந்து போச்சு" என்று விசிறியோடு எழும்பி நிற்பாள்.

உண்மை இதற்கு நேர் எதிர். அக்கா எதற்கும் பதறமாட்டாள். சவர்க்காரக் கட்டியை நூலால் நாலாக அறுத்து, ஒரு துண்டு இவ்வளவு நாளைக்கு என்று வைத்தால் அது அவ்வளவு நாளைக்கு வரும். தட்டில் போட்டதற்கு மேல் ஒரு அகப்பை சோறு வாங்கமாட்டாள். ஒருவரிடமும் ஒன்றும் கேட்கமாட்டாள். படுத்தால் நித்திரை. ஒருமுறை ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போனபோது, பெண்கள் கேணியில் அவள் மறுகரை வரைக்கும் நீந்திப் போய், அங்கேயிருந்து என்னைக் கூப்பிட்டாள். நான் கடைசிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு பயம் எனக்கு. பயம் வந்தால் எனக்கு வாய் அசைய வேண்டும், ஒன்றில் கதை, இல்லையென்றால் சாப்பாடு. பலாலி இராணுவ முகாம் பக்கமிருந்து செல் கூவிக்கொண்டு வரும்போது மற்றவர்கள் பங்கருக்குள் சாமி படம் கொண்டு போவார்கள். நான் எள்ளுருண்டைத் தகர ரின்னைக் கொண்டு போவேன்.

"எடி, நீ வந்தால் எங்களுக்குக் காத்து வராது" என்பாள் பக்கத்து வீட்டு மாமி.

"செல் விழுந்தால் மாமி, என்ரை உடம்பைத் தாண்டித்தான் உங்களுக்கு வரும்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். என் பயத்தை ஒருவரும் கண்டதில்லை, அக்காவைத் தவிர. அவள் இருட்டில் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள்.

தொண்ணூறில் இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை மறுபடி தொடங்கியது. மின்சாரம் நின்றது. சீனி, மண்ணெண்ணெய், சவர்க்காரம் ஒவ்வொன்றாகக் கடைகளில் இல்லாமல் போயின. பஸ்ஸும் இல்லை, எல்லோரும் சைக்கிள். ஒரு வருடத்துக்குள் ஊரே மெலிந்து போயிற்று. என் மெசினுக்குப் புதுத் துணி வருவது நின்று, பழைய சட்டைகள் வரத் தொடங்கின. இரண்டு பக்கத் தையலையும் உள்ளே தள்ளித் தைத்துச் சட்டையைச் சின்னதாக்குவதை நாங்கள் பிடிக்கிறது என்போம். அந்தக் காலத்தில் நான் தைத்ததைவிடப் பிடித்ததுதான் அதிகம். மாமிக்கு ஒரு அங்குலம், தபாற்காரர் மனைவிக்கு ஒன்றரை அங்குலம்.

அக்காவுக்கும் பிடித்தேன். முதலில் ஒரு அங்குலம், ஐந்தாறு மாதத்தில் இன்னும் ஒன்று, அதற்குப் பிறகு இன்னும் ஒன்று. அவள் சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பினால் பழைய தையலும் புதுத் தையலுமாக நாலு வரி ஓடும். மற்றவர்கள் ஒருமுறை மெலிந்து அந்த அளவில் நின்றுவிட்டார்கள், அக்கா நிற்கவில்லை. அளவுநாடா என் கழுத்திலேயே தொங்கியது. வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? வாய் நிறைய ஊசியை வைத்துக்கொண்டு, "என்ன அக்கா, ஆரைக் காதலிக்கிறியள்?" என்று பகிடி விட்டேன்.

மெலியாமல் இருந்தவள் நான் ஒருத்திதான். சங்கக் கடைப் பங்கீட்டு வரிசையில் நின்றால் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். "உவளுக்கு மட்டும் எங்கையிருந்து வருதெண்டு தெரியேல்லை" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். பனங்கிழங்கு ஒடியல் மாவும் மரவள்ளிக்கிழங்கும்தான் வந்தது, எல்லோருக்கும் வந்த மாதிரி. நான் இரண்டு பங்கு பயந்தேன், இரண்டு பங்கு தின்றேன், அவ்வளவுதான். ஆனால் அதை வரிசையில் நின்று யாருக்கு விளக்குவது?

அந்த நாளில்தான் எறும்பு வந்தது. கிணற்றடிக்குப் பின்னால் தென்னோலைக் கிடுகால் மறைத்த ஒரு இடம் இருந்தது. சிறுநீர் கழிக்க நாங்கள் மூவரும் அங்கேதான் ஒதுங்குவோம். ஒருநாள் காலையில் அம்மா அங்கே நின்றபடி சத்தம் போட்டாள். போய்ப் பார்த்தால் நிலம் கறுத்து எறும்பு மொய்த்துக் கிடந்தது. சலரோகக்காரரின் நீரில் எறும்பு வரும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அம்மா எறும்பைப் பார்த்தாள், பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"நான் அப்பவே சொன்னனான், தின்னாதை தின்னாதை எண்டு."

அக்கா கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றாள். "அவளை ஏனம்மா பேசுறியள்? இரவிலை நாலுதரம் எழும்பிப் போறது நானெல்லோ" என்றாள்.

"நீ யோசனையிலை நித்திரையில்லாமல் எழும்புறாய்" என்றாள் அம்மா. "இவள்தான் கும்பகர்ணி மாதிரிக் கிடக்கிறாள்."

அக்கா சொன்னதை அம்மா கேட்டாள், நானும் கேட்டேன். இருவரும் கேட்டும் கேட்கவில்லை. சலரோகம் என்ற வருத்தம் தின்று கொழுத்தவர்களின் நோய், கட்டுப்பாடான ஆளுக்கு அது வராது. இதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. அக்காவுக்கும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவளும் அதோடு விட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அம்மா என்னை நாட்டு வைத்தியரான பரியாரியாரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் நாடியைப் பிடித்தார், என் உடம்பைப் பார்த்தார், அம்மா சொன்ன எறும்புக் கதையைக் கேட்டார், நாவற்கொட்டைத் தூளும் ஒரு கசாயமும் தந்தார். தினமும் காலையில் ஒரு தகரப் பேணி கசாயம். நாக்கு மரத்துப் போகும்.

இனிப்பும் தடை. சீனி இல்லாததால் அப்போது எல்லா வீட்டிலும் வெறுந்தேத்தண்ணிதான். ஒரு கையில் பேணி, மற்றக் கையில் ஒரு துண்டு பனங்கட்டி. ஒரு கடி, ஒரு மிடறு. பனையோலையால் பின்னிய சின்னக் குட்டானில் வரும் அந்தப் பனங்கட்டியை அம்மா பாக்குவெட்டியால் உடைத்து ஆளுக்கு ஒரு துண்டு தருவாள். எறும்பு வந்த நாளிலிருந்து என் துண்டு அக்காவுக்குப் போனது.

"ரண்டாய்க் கடி பிள்ளை, உடம்பு தேறும்" என்பாள் அம்மா.

அக்காவுக்கு அடங்காத தாகம். பள்ளிக்கூடத்தால் வந்ததும் தேத்தண்ணி, கொப்பி திருத்தும்போது தேத்தண்ணி, படுக்கப் போகுமுன் தேத்தண்ணி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு துண்டு. வாழ்நாளில் தன் பங்குக்கு மேல் ஒன்றும் வாங்காதவள் இதை மட்டும் வாங்கினாள். அம்மாவின் மனம் நோகக்கூடாதென்று வாங்கினாளோ, உடம்புதான் கேட்டதோ தெரியாது. நான் வெறும் சாயத்தண்ணியைக் குடித்துக்கொண்டு அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. சில நாள் அம்மா மறந்து எனக்கும் ஒரு துண்டு தந்துவிட்டால், அதை நானே அக்காவின் கையில் வைப்பேன். அது பாசம்தான். பாசத்தோடுதான் அதைச் செய்தேன்.

தொண்ணூற்றிரண்டு முடிகிற நேரம் அக்கா வகுப்பில் மயங்கி விழுந்தாள். இரண்டு ஆசிரியர்கள் சைக்கிள் கரியரில் வைத்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நானும் அம்மாவும் ஓடினோம். டொக்டர் சோதித்துவிட்டு, சலரோகம், நல்லாய் முற்றிவிட்டது, இனிக் குளிசை சரிவராது, இன்சுலின் ஊசிதான் என்றார்.

"அவ மெலிஞ்ச ஆளெல்லோ டொக்டர்?" என்றேன்.

"மெலியிறதுதான் பிள்ளை வருத்தம்" என்றார்.

என்னையும் சோதிக்கச் சொன்னாள் அம்மா. எனக்கு ஒன்றுமில்லை. சுத்தமான இரத்தம் என்றார் டொக்டர். அம்மா பக்கத்துப் பலகை வாங்கிலேயே இருந்துவிட்டாள். அக்காவோடு வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த பனங்கட்டிக் குட்டானைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தாள். அக்கா போய் அதை எடுத்துவந்து, மண்ணைத் தட்டி, "அவள் ஒண்டரை வருசம் சாப்பிடேல்லை, அவளுக்குக் குடுங்கோ" என்றாள்.

இன்சுலின் குளிரில் இருக்க வேண்டும். மின்சாரம் இல்லாத ஊரில் குளிருக்கு எங்கே போவது? ஒரு மண்பானையில் ஆற்றுமணல் நிரப்பி, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, அதற்குள் மருந்துப் போத்தலைப் புதைத்து வைத்தோம். காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது என் வேலை. மருந்து கிடைப்பதுதான் பெரிய பாடு. ஆஸ்பத்திரியில் சில மாதம் இருக்கும், பல மாதம் இருக்காது. நான் வாய்க்காரி, எல்லோரிடமும் கேட்பேன். கொழும்பால் வருகிறவர்கள், கன்னியாஸ்திரிமார், மருத்துவிச்சி, முன்பின் தெரியாதவர்கள். வெட்கமில்லாமல் கேட்டேன். ஒரு போத்தல் கிடைத்துவிட்டால் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சைக்கிள் மிதிப்பேன்.

ஒரு போத்தல் இருபத்தைந்து நாளைக்குக் காணும், அதற்கு மேல் வராது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஒருமுறை நாற்பதாம் நாளும் போத்தலின் அடியில் மருந்து இருந்தது. எனக்கு முதலில் சந்தோசம். பானைக்குத் தண்ணீர் தெளித்து முடித்து நிமிரும்போதுதான் கணக்கு இடித்தது.

"அக்கா, ஊசியிலை எத்தினை கோடு ஏத்துறனீங்கள்?"

"காணக்கூடியதாய், அடுத்தது வரும்வரைக்கும்."

"டொக்டர் சொன்னதிலை பாதியோ?"

அவள் அடுத்த நாளைக்குக் கட்டும் சாறியை மடித்துக்கொண்டிருந்தாள். "அடுத்த போத்தல் எப்ப வரும் எண்டு உனக்குத் தெரியுமோ? தெரிஞ்சால் சொல்லு. முழுசாய்ப் போடுறன்."

"உது சவர்க்காரமில்லை அக்கா."

"எனக்குத் தெரியும்" என்றாள்.

அடுத்த போத்தல் எப்போது வரும் என்று எனக்கு மட்டுமல்ல, ஒருவருக்கும் தெரியாது. நான் அழுதேன், சத்தம் போட்டேன், பிறகு குசினிக்குள் போய் மரவள்ளிக்கிழங்கு தின்றேன். ஊரில் எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள். "உங்கடை அக்கான்ரை கட்டுப்பாடு இருந்தால் எங்களுக்கு ஒரு வருத்தமும் வராது" என்றாள் மாமி. அந்தக் கட்டுப்பாடு அவளை மூன்று வருடம் வைத்திருந்ததா, இல்லை கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றதா என்று இன்றைக்கும் எனக்கு முடிவு சொல்லத் தெரியாது.

அவள் குணத்தைச் சொன்னேன், என் குணத்தையும் சொல்லத்தான் வேண்டும். கடலேரியைக் கடந்து வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போனால் மருந்து எடுக்கலாம். போக இயக்கத்திடம் ஒரு பாஸ் எடுக்க வேண்டும். திரும்பி வருவார் என்று பிணைக்கு ஒருவர் நிற்கவும் வேண்டும். அக்காவை அனுப்பிவிட்டு நான் பிணை நிற்கிறேன் என்றேன். "சோதினைக்குப் பிள்ளையள் நிக்கினம், பிறகு பாப்பம்" என்றாள். அப்படியானால் நான் போய் வாங்கி வருகிறேன் என்று எனக்கே பாஸ் எடுத்தேன். வள்ளம் ஏறும் கிளாலிக் கரைவரைக்கும் போனேன். முந்தின நாள் வள்ளத்தில் போனவர்களில் சிலரைக் கடற்படையிடம் சுடுபட்ட நிலையில் கொண்டுவந்து மணலில் கிடத்தியிருந்தார்கள். சாறியால் மூடியிருந்த ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. நான் திரும்பி நடந்தேன்.

அக்கா வாசல் படலையில் நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் விளங்கியிருக்கும்.

"வந்திட்டியோ? நல்லது. சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்டாள். அவள் என்னைத் திட்டிப் பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு காலமும் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்க, எங்கள் ஊர் இருந்த வலிகாமம் முழுவதையும் விட்டு வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போனது. மழை. மெசினை விட்டேன், பானையை விட்டேன். கடைசிப் போத்தலை ஈரத்துணியில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அக்காவால் நடக்க முடியவில்லை. சைக்கிள் கரியரில் இருத்தி நான் உருட்டினேன், அம்மா பின்னால் பிடித்துக்கொண்டு வந்தாள். நாவற்குழிப் பாலத்தை நெருங்க நெருங்கச் சனம் இறுகியது. ஒரு அடி வைக்க அரைமணி நேரம். பக்கத்தில் ஒருவர், "தங்கச்சி நல்ல பலசாலி" என்றார். பலம் ஒன்றுமில்லை. ஒரு தலையணையை வைத்து உருட்டினாலும் அவ்வளவு பாரம்தான் இருந்திருக்கும்.

பாலத்துக்கு அப்பால் தென்மராட்சியில் சின்னம்மா வீட்டு மாட்டுக்கொட்டிலின் ஒரு பக்கத்தை எங்களுக்கு ஒதுக்கித் தந்தார்கள். அம்மாவின் தங்கை அவள். அவள் வீட்டில் மட்டும் நாற்பது பேர் இருந்தோம். போத்தலில் இருந்தது கால்வாசி. அக்கா அதையும் பாதியாக்கி, பாதியைப் பாதியாக்கினாள். நான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, கோயில் கோயிலாக, அகதிகள் இருந்த இடமெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தேன். சலரோகக்காரர் பலர் இருந்தார்கள், எல்லோரும் என்னைப் போலவே தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் தன்னிடம் இருந்த வெறும் போத்தலை எடுத்துக் காட்டினார்.

மருந்து முடிந்த அடுத்த நாள் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தானே சொன்னாள். வெளிக்கிடும்போது, "இந்தச் சட்டை தோளிலை நிக்குதில்லை. ஒருக்காப் பிடிச்சு விடு. உப்பிடிப் போகேலாது" என்றாள்.

உள்பக்கத்தைத் திருப்பினேன். நாலு வரித் தையல், எல்லாம் என் தையல். ஐந்தாவதைக் கைஊசியால் தைத்தேன். இரண்டு பக்கமும் கைக்குழியோடு முட்டிக்கொண்டு நின்றன, இனிப் பிடிக்கத் துணியில்லை. அவள் பொறுமையாக, கைகளைத் தூக்கிக்கொண்டு, அளவெடுக்க நிற்கும் சின்னப் பிள்ளை போல நின்றாள். மூச்சில் பழம் அழுகின மணம் வந்தது.

ஆஸ்பத்திரியில் கால் வைக்க இடமில்லை. நிலத்தில் ஒரு பாயில் கிடத்திச் சேலைன் ஏற்றினார்கள். அங்கே நின்ற டொக்டர் வயதில் சின்னவர், என்னை விடவும் சின்னவர். இன்சுலின் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அக்கா மூன்றாம் நாள் போனாள். கடைசிவரை தண்ணீர் கேட்டாள், அதுவும் ஒவ்வொரு மிடறாக.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயல்வீட்டுக்காரர் ஒரு வாளியில் வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்தார்கள். சின்னம்மா பேணிகளை நீட்டிக்கொண்டு வந்தவள் என் முன்னால் நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் பல நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என் சட்டை தோளிலிருந்து வழுகிக் கிடந்தது, அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"நீயும் யோசிச்சு யோசிச்சு மெலிஞ்சு போனாய் பிள்ளை" என்றாள். என் உள்ளங்கையை விரித்து இரண்டு துண்டு பனங்கட்டி வைத்தாள். "ரண்டாய்க் கடி. உடம்பு தேறும்."

மூலையில் இருந்த அம்மா நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். பனங்கட்டி கை வேர்வையில் உருகத் தொடங்கியது. பிறகு ஒன்றைக் கடித்தேன், ஒரு மிடறு குடித்தேன், மற்றதையும் கடித்தேன்.